கந்தஹார் முதல் பாக்தாத் வரை: ஷா அப்பாஸின் எல்லைகள்

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவை ஓவியரான அபுல் ஹசன் 1618-ஆம் ஆண்டளவில் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. உலக உருண்டையின் மீது இரு பேரரசர்கள் நின்று ஒருவரையொருவர் தழுவிக் கொள்கின்றனர். ஓங்கிய உருவத்துடன் நிற்பவர் ஜஹாங்கீர். சிறுத்த உருவத்துடன் அவரது அணைப்பில் அடங்கியிருப்பவர் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ். ஜஹாங்கீரின் காலடியில் ஒரு சிங்கம். ஷாவின் காலடியில் ஓர் ஆடு. உற்று நோக்கினால், அந்தச் சிங்கம் பாரசீக நிலப்பரப்புக்குள் உடலை நீட்டி, ஆட்டை மெல்ல ஓரத்துக்குத் தள்ளுவது தெரியும்.

இந்த இரு மன்னர்களும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. ஓவியம் தீட்டப்பட்டுச் சில ஆண்டுகளே கடந்த நிலையில், 1622-இல் ஷா அப்பாஸ் படையுடன் வந்து, முகலாயர் வசமிருந்த கந்தஹார் கோட்டையை ஒன்றரை மாத முற்றுகையில் கைப்பற்றிக்கொண்டார். அதை மீட்கச் செல்லுமாறு ஜஹாங்கீர் தம் மகன் குர்ரத்துக்கு, அதாவது பின்னாளைய ஷாஜஹானுக்கு, ஆணையிட்டார். மகனோ நிபந்தனைகள் விதித்து, இறுதியில் தந்தைக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தார். ஓவியத்தில் ஓரம் கட்டப்பட்ட ஆடு, சிங்கத்தின் இரையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது!

பாரசீக மன்னர்கள் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர், 1739-இல் தில்லியைச் சூறையாடிய நாதிர் ஷாதான். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னர் ஆண்ட ஷா அப்பாஸைப் பற்றி இங்கே பேசப்படுவது குறைவு. இத்தனைக்கும், இன்றைய ஈரானின் எல்லைக்கோடுகளில் பலவற்றை அவரது காலத்துப் போர்களை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள இயலாது. பதினாறு வயதில் அவர் அரியணை ஏறியபோது அவரது நாட்டுக்கு உறுதியான எல்லையும் இல்லை. அவருக்கென ஒரு படையும் இல்லை. நாற்பத்தோரு ஆண்டுகளில் இரண்டையும் உருவாக்கினார். அதற்கான விலையை எல்லையோர மக்களிடமிருந்தும், தாம் பெற்ற பிள்ளைகளிடமிருந்தும் வசூலித்தார்.

அப்பாஸ் 1571 ஜனவரியில் ஹெராத் நகரில் பிறந்தார். இன்று ஆப்கானிஸ்தானில் உள்ள அந்நகர், அன்று சஃபவிப் பேரரசின் கிழக்கு எல்லைக் காவல் அரண். ஆமு தரியா ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் உஸ்பெக் குதிரைப்படை முதலில் மோதும் இடமும் அதுவே. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்தப் பகை மிகப் பழையது. சாசானிய மன்னர்கள் அதே திசையில் ஹெப்தலைட்டுகளோடு போரிட்டனர். மேற்கே ரோமானியரோடும் பின்னர் பைசாந்தியரோடும் ஆர்மீனியாவுக்காக மோதினர். அரச வமிசங்கள் மாறின, சமயங்கள் மாறின. பாரசீகப் பீடபூமியில் அமர்ந்தவர் எவராயினும், கிழக்கில் புல்வெளிக் குதிரை வீரர்களையும் மேற்கில் ஒரு பேரரசையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ள நேர்ந்தது என்பது மட்டும் மாறவில்லை.

சஃபவி அரசுக்கு இவற்றோடு மூன்றாவதாக ஒரு சிக்கலும் இருந்தது. அது உள்ளேயே இருந்தது. அரசை 1501-இல் நிறுவிய முதலாம் இஸ்மாயிலை அரியணையில் ஏற்றியவர்கள் கிசில்பாஷ் எனப்பட்ட துருக்மான் இனக்குழுக்கள். பன்னிரு இமாம்களைக் குறிக்கும் பன்னிரண்டு மடிப்புகள் கொண்ட செந்நிறத் தலைப்பாகை அணிந்தமையால் செந்தலையர் என்ற பொருளில் அப்பெயர் வந்தது. ஷாம்லு, உஸ்தாஜ்லு, ரூம்லு, தக்கலு, அஃப்ஷார், கஜார் எனப் பல குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு மாகாணம். மாகாணத்தின் வருவாயைத் தலைவர் தாமே எடுத்துக்கொள்வார். அதைக் கொண்டு படை வைத்திருப்பார். மன்னர் அழைக்கும்போது அப்படையுடன் வருவார். நம் நாட்டு ஜாகீர் முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதில் உள்ள ஆபத்தும் எளிதில் விளங்கக்கூடியதே. குதிரை வீரன் தன் தலைவன் தரும் சோற்றை உண்கிறான். மன்னர் அவனுக்குத் தொலைவில் இருக்கும் ஒரு புனிதப் பெயர். அந்தப் புனிதம் இருக்கும்வரை சிக்கல் இல்லை. முதலாம் இஸ்மாயிலைக் கிசில்பாஷ் வீரர்கள் வெல்லப்பட முடியாத ஞானகுருவாகவே நம்பினர். 1514-இல் சால்திரான் களத்தில் உஸ்மானியச் சுல்தான் முதலாம் செலிமின் பீரங்கிகளும் துப்பாக்கிகளும் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. குரு தோற்கக்கூடியவர் என்று தெரிந்த பிறகு, மன்னர் என்பவர் பல தலைவர்கள் கைப்பற்ற முயலும் ஒரு பொருளாகிப் போனார்.

அப்பாஸின் இளமை இதற்கு நேரடிச் சான்று. பாட்டனார் தஹ்மாஸ்ப் 1576-இல் இறந்ததும் அரியணை ஏறிய இரண்டாம் இஸ்மாயில், போட்டிக்கு வரக்கூடிய இளவரசர்களை ஒருவர் பின் ஒருவராகக் கொன்றார். ஹெராத்தில் பெயரளவுக்கு ஆளுநராக இருந்த ஆறு வயதுச் சிறுவன் அப்பாஸைக் கொல்லவும் ஆணை சென்றது. ஆணையை நிறைவேற்ற வேண்டிய அலி குலி கான் ஷாம்லு நாளைக் கடத்தினார். அதற்குள் 1577 நவம்பரில் இஸ்மாயிலே இறந்துபோனதால் சிறுவன் பிழைத்தான்.

அடுத்து அரசரானவர் அப்பாஸின் தந்தை முகமது குதாபந்தா. ஏறத்தாழப் பார்வையிழந்தவர். ஆட்சியை நடத்தியவர் அவருடைய மனைவி, அப்பாஸின் தாயான கைருன்னிசா பேகம். மாசந்தரான் பகுதியின் பாரசீகக் குடும்பத்தில் பிறந்த அவரது கையில் அதிகாரம் குவிவதைத் துருக்மான் தலைவர்களால் பொறுக்க முடியவில்லை. 1579-இல் அரண்மனை அந்தப்புரத்துக்குள்ளேயே புகுந்து அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றனர். கொலையாளிகளைத் தண்டிக்கும் ஆற்றல் மன்னருக்கு இருக்கவில்லை. அப்போது அப்பாஸுக்கு வயது எட்டு. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய அண்ணனும் பட்டத்து இளவரசருமான ஹம்சா மிர்சாவும் கொல்லப்பட்டார்.

இதற்கிடையே குராசானில் ஷாம்லு தலைவரும் உஸ்தாஜ்லு தலைவரும் மோதிக்கொண்டபோது, போர்க்களத்திலேயே சிறுவன் அப்பாஸ் ஒரு தரப்பிலிருந்து மறு தரப்புக்குக் கைமாறினான். கொள்ளைப் பொருள் கைமாறுவது போலத்தான். வென்ற உஸ்தாஜ்லு தலைவர் முர்ஷித் குலி கான் அவரைக் கஸ்வீனுக்கு அழைத்து வந்து 1587 அக்டோபரில் முடிசூட்டினார். தாம் வக்கீல் ஆனார். நம் நீதிமன்றங்களில் இன்றும் வழங்கும் அதே சொல்தான்; அன்று அதற்கு மன்னரின் பதிலாள் என்று பொருள். மன்னர் பெயரில் உண்மையில் ஆள்பவர் அவர்தான்.

அந்த ஏற்பாடு இரண்டாண்டுகள்கூட நீடிக்கவில்லை. அண்ணன் கொலையில் தொடர்புடைய தலைவர்களை முதலில் தீர்த்துக்கட்டிய அப்பாஸ், 1589-இல் முர்ஷித் குலி கானையும் கொல்லச் செய்தார். பதினெட்டு வயது மன்னர், தமக்கு முடிசூட்டியவரையே முடித்துவிட்டார். இதை நன்றிகெட்ட செயல் என்பதா, தற்காப்பு என்பதா? தாயையும் தமையனையும் இழந்த விதத்தை அறிந்த எவரும் விடை சொல்லத் தயங்குவர்.

நாட்டின் நிலையோ படுமோசம். 1588-இல் உஸ்பெக் அரசர் அப்துல்லா கான் பல மாத முற்றுகைக்குப் பின் ஹெராத்தைப் பிடித்தார்; சிறுவயதில் அப்பாஸின் உயிரைக் காத்த அலி குலி கான் அங்கே கொல்லப்பட்டார். அடுத்து, எட்டாம் இமாம் ரிஸாவின் அடக்கத் தலமான மஷ்ஹத் வீழ்ந்தது. மேற்கே 1578 முதலே உஸ்மானியர் முன்னேறி வந்தனர். பேரரசு பிறந்த நகரான தப்ரீஸ் 1585 முதல் அவர்கள் வசமிருந்தது.

இரு முனைகளிலும் போரிட முடியாது என்பதை உணர்ந்த அப்பாஸ், 1590 மார்ச்சில் இஸ்தான்புல்லில் ஓர் உடன்படிக்கைக்கு இணங்கினார். அசர்பைஜானின் பெரும்பகுதி, ஷிர்வான், கராபாக், ஜார்ஜியா, குர்திஸ்தான் எனப் பரந்த நிலப்பரப்பு கைவிட்டுப் போயிற்று. முதல் மூன்று கலீபாக்களைப் பழிக்கும் வழக்கத்தை நிறுத்தவும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பாரசீக மன்னர் எவரும் விரும்பிக் கையெழுத்திடக்கூடிய ஆவணமல்ல அது. ஆனால் அது அவருக்குக் காலத்தை வாங்கித் தந்தது.

அந்தக் காலத்தில் அவர் செய்ததே அவரது வாழ்வின் மையம். படைவீரனின் சோறு யாரிடமிருந்து வருகிறது என்பதை மாற்றினார்.

காக்கேசிய மலைப்பகுதிகளின்மீது பாட்டனார் தஹ்மாஸ்ப் நடத்திய படையெடுப்புகளில் ஜார்ஜியர், சர்க்காசியர், ஆர்மீனியர் ஆகியோர் ஆயிரக்கணக்கில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டிருந்தனர். இஸ்லாத்துக்கு மாற்றப்பட்ட இவர்களிலிருந்தும் இவர்களின் பிள்ளைகளிலிருந்தும் அப்பாஸ் ஒரு நிலைப்படையை எழுப்பினார். இவர்களுக்குக் குலாம்கள், அதாவது அடிமைகள், என்று பெயர். எந்த இனக்குழுவும் இவர்களுக்குப் பின்னால் இல்லை; எந்த மாகாணமும் இவர்களுடைய சொந்த மண்ணன்று. ஊதியம் மன்னரின் கருவூலத்திலிருந்து வந்தது.

அடிமைகளைப் படைவீரராக்குவது புதிய கண்டுபிடிப்பன்று. அப்பாசியக் கலீபாக்கள் துருக்கிய அடிமைகளை வைத்துப் படை அமைத்தனர். சாமானிய அரசின் அடிமைத் தளபதிகளின் வழியில்தான் கஜ்னவி வமிசம் தோன்றியது. தில்லியை அடிமை வமிசம் ஆண்ட வரலாறு நமக்குப் பள்ளிப் பாடம். உஸ்மானியரின் ஜானிசாரிகள் அப்பாஸின் கண்ணெதிரே இருந்த உதாரணம். இன்னும் பின்னோக்கிப் போனால், ஆறாம் நூற்றாண்டில் சாசானிய மன்னர் முதலாம் குஸ்ரோ, பெருங்குடிப் பிரபுக்களைச் சார்ந்திராமல், சிறு நிலவுடைமையாளர்களுக்குக் குதிரையும் கருவியும் ஊதியமும் தந்து அரசின் நேரடிப் படையை வளர்த்தார். அப்பாஸ் எதிர்கொண்டது அந்த மண்ணின் பழைய கேள்வி.

ஆனால் அளவு புதிது. குலாம் குதிரைப்படை பத்தாயிரத்துக்கு மேல். பாரசீக உழவர்களிடமிருந்து திரட்டிய துப்பாக்கி வீரர் பன்னிரண்டாயிரம். பீரங்கிப் பிரிவில் பன்னிரண்டாயிரம் என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கணக்கிடுகின்றனர். (தமிழில் நாம் வழங்கும் துப்பாக்கி என்ற சொல்லே துருக்கிய மொழியிலிருந்து வந்தது. சிப்பாய் பாரசீகத்திலிருந்து.) கிசில்பாஷ் குதிரைப்படையை அவர் கலைத்துவிடவில்லை. அது தொடர்ந்து போரிட்டது. ஆனால் இனி அது இல்லாமலும் மன்னரால் போரிட முடியும் என்ற நிலை வந்ததுதான் வேறுபாடு.

இந்தச் சீர்திருத்தத்தின் பெருமையை அந்தோனி ஷெர்லி, ராபர்ட் ஷெர்லி என்ற ஆங்கிலேய சகோதரர்களுக்கு அளிக்கும் கதை ஐரோப்பாவில் நெடுங்காலம் உலவியது. அவர்கள் கஸ்வீன் வந்து சேர்ந்தது 1598-இன் இறுதியில். அதற்குள் குலாம் படை உருவாகிவிட்டது. பீரங்கிகள் முழங்கத் தொடங்கிவிட்டன. ஜார்ஜிய அடிமையாக வந்த அல்லாவெர்தி கான், 1590-களின் இடையிலேயே ஃபார்ஸ் மாகாணத்தின் ஆளுநராகியிருந்தார். இஸ்பஹானில் முப்பத்து மூன்று வளைவுகளுடன் இன்றும் நிற்கும் பாலத்தைக் கட்டுவித்தவர் இவரே. கிழக்கில் நடந்த எந்தச் சீர்திருத்தத்துக்கும் மேற்கிலிருந்து ஓர் ஆசான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கும் பழக்கம் எளிதில் போவதில்லை.

படைக்கு ரொக்க ஊதியம் தர மன்னருக்கு ரொக்கம் வேண்டுமே? இதற்கு அப்பாஸ் கண்ட வழி, கிசில்பாஷ் தலைவர்களின் கையிலிருந்த மாகாணங்களை ஒவ்வொன்றாக அரச நிலங்களாக மாற்றுவது. பட்டு விளையும் கீலானும் மாசந்தரானும் அவ்வாறு மாறின. பட்டு ஏற்றுமதி 1619-இல் அரசின் ஏகபோகமானது. கருவூலம் நிறைந்தது. ஆனால் மாகாணத்தில் தலைவர் இருந்த இடத்துக்கு, மன்னருக்குக் குறித்த தொகையை அனுப்புவதே வேலையாகக் கொண்ட வரி அலுவலர் வந்தார். தலைவர் கொடியவராக இருந்திருக்கலாம். எனினும் அந்த மண்ணில் தம் மக்களும் வாழ வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. எல்லையில் எதிரி வந்தால் முதலில் எதிர்க்கும் குதிரை வீரர்களும் அவரிடமே இருந்தனர். அலுவலரிடம் கணக்கேடு மட்டுமே இருந்தது. இந்தக் குறை அப்பாஸின் காலத்தில் வெளியே தெரியவில்லை.

புதிய படை முதலில் கிழக்கே திரும்பியது. 1598-இல் அப்துல்லா கான் இறந்து உஸ்பெக் அரசு குழம்பிய தருணத்தில் அப்பாஸ் குராசானுக்குள் நுழைந்தார். முன்னணிப் படையைப் பின்வாங்கச் செய்து, மேற்கில் சிக்கல் ஏற்பட்டதால் மன்னர் திரும்புகிறார் என்ற வதந்தியையும் பரப்பினார். ஹெராத் கோட்டைக்குள் பத்திரமாக இருந்த உஸ்பெக் படை அதை நம்பி வெளியே வந்தது. ஆகஸ்ட் மாதம் ரபாத்-இ-பரியான் என்ற இடத்தில் அது முறியடிக்கப்பட்டது; அப்பாஸ் பிறந்த ஊர் அவரிடம் மீண்டது. தலைநகரையும் அவர் எல்லைகளுக்கு நெடுந்தொலைவில், பீடபூமியின் நடுவே உள்ள இஸ்பஹானுக்கு மாற்றினார். 1601-இல் அங்கிருந்து மஷ்ஹத்துக்குக் கால்நடையாகவே யாத்திரை சென்றார்.

மேற்கே உஸ்மானியர் ஹங்கேரியில் ஆஸ்திரியருடன் நீண்ட போரிலும், அனதோலியாவில் ஜெலாலிக் கிளர்ச்சிகளிலும் சிக்கியிருந்தனர். 1603 செப்டம்பரில் நோக்கத்தை வெளியிடாமல் புறப்பட்ட அப்பாஸ், கஸ்வீனிலிருந்து ஆறே நாள்களில் தப்ரீஸை அடைந்தார். அக்டோபரில் கோட்டை பணிந்தது. அடுத்த கோடையில் எரிவான் விழுந்தது.

1604-இன் இலையுதிர் காலத்தில் சிகாலாசாதே சினான் பாஷா தலைமையில் உஸ்மானியப் பெரும்படை எதிர்த்து வந்தது. அதற்கு உணவும் தங்குமிடமும் கிடைக்கலாகாது என்று முடிவு செய்த அப்பாஸ், அராஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கையே வெறுமையாக்க ஆணையிட்டார். ஊர்கள் எரிக்கப்பட்டன, விளைச்சல் அழிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் தெற்கு நோக்கி விரட்டப்பட்டனர். பாலமும் போதிய படகும் இல்லாத ஆற்றைக் கடக்கும்போதே எண்ணற்றோர் மூழ்கினர். எஞ்சியோரில் பலர் வழியில் குளிராலும் பசியாலும் மாண்டனர். செல்வச் செழிப்பான வணிக நகராகிய ஜுல்ஃபாவின் மக்கள் ஓரிரு நாள் அவகாசத்தில் வீடுகளைப் பூட்டிச் சாவியுடன் வெளியேறினர். அவர்கள் திரும்பி வரும் எண்ணமே எழாதிருக்க நகர் தீயிடப்பட்டது.

ஜுல்ஃபா வணிகர்களுக்கு இஸ்பஹானில் ஆற்றின் தென்கரையில் ஒரு புதிய நகர் தரப்பட்டது. தேவாலயம் கட்ட உரிமை, வணிகத்துக்குக் கடன், பட்டு ஏற்றுமதியில் பெரும்பங்கு என அனைத்தும் கிடைத்தன. புதிய ஜுல்ஃபா என்ற அந்நகரின் வணிகர்கள் ஐரோப்பா முதல் கிழக்காசியா வரை பரவினர். நம் சென்னையிலும் கடை விரித்தனர். சென்னை அரண்மனைக்காரத் தெருவில் உள்ள ஆர்மீனிய தேவாலயம் அந்தப் பரவலின் சுவடு. இதைக் காட்டி, அப்பாஸ் ஆர்மீனியருக்கு நன்மையே செய்தார் என்று எழுதுவோர் உண்டு. ஆற்றில் மூழ்கியவர்களின் கணக்கை அவர்கள் எந்த ஏட்டில் எழுதுகிறார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை. வணிகர்கள் பிழைத்தனர்; உழவர்களுக்கு அப்படியொரு புதிய நகர் அமையவில்லை.

1605 நவம்பரில் தப்ரீஸுக்கு அருகே சூஃபியானில் சினான் பாஷாவின் படை நொறுங்கியது. சால்திரானில் துப்பாக்கியிடம் தோற்ற அரசு, தொண்ணூற்றோரு ஆண்டுகளுக்குப் பிறகு துப்பாக்கியுடன் வந்து வென்றது. 1612 உடன்படிக்கை, 1555-இல் அமாசியாவில் வகுத்த பழைய எல்லையை மீட்டது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் இருநூறு சுமை பட்டு தருவதாகப் பாரசீகம் ஒப்பியது. 1618-இல் அது நூறாகக் குறைந்தது.

மக்களைப் பெயர்த்து நடுவது அப்பாஸுக்கு ஒரு படைக்கலமாகவே ஆகிவிட்டிருந்தது. மேற்கிலிருந்த குர்துக் குழுக்களைக் கிழக்கே குராசானுக்கு அனுப்பி, உஸ்பெக்குகளுக்கு எதிரான வேலியாக்கினார். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வட குராசானில் வாழ்கின்றனர். கஜார் இனக்குழுவை மூன்றாகப் பிரித்து வெவ்வேறு எல்லைகளில் நிறுத்தினார் என்பது மரபுவழிச் செய்தி. ஒன்றாக இருந்தால் அரசுக்கு ஆபத்தான குழு, பிரிந்து எல்லையில் நின்றால் எதிரிக்கு ஆபத்து. கணக்கு அளவில் இது மிகக் கச்சிதமானது.

கொடுமையின் உச்சம் ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியான ககேதியில் நிகழ்ந்தது. தமக்கு அடங்காத மன்னர் தெய்முராஸை ஒடுக்க 1614 முதல் 1617 வரை அப்பாஸ் நடத்திய படையெடுப்புகளில் அந்நாடு ஏறத்தாழக் குடியற்றுப் போயிற்று. கொல்லப்பட்டோர் பல்லாயிரவர், சிறைபிடித்துப் பாரசீகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கூறப்படுகிறது. தெய்முராஸின் தாய் கெதெவான், மதம் மாற மறுத்து 1624-இல் ஷீராஸில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். அவரைப் புனிதராக ஜார்ஜியத் திருச்சபை போற்றுகிறது. இஸ்பஹானுக்கு மேற்கே பெரெய்தான் மலைச் சிற்றூர்களில் குடியேற்றப்பட்டவர்களின் சந்ததியினர், இன்று முஸ்லிம்களாக வாழ்ந்தாலும், ஜார்ஜிய மொழியை இன்னும் பேசுகின்றனர்.

அப்பாஸின் படையின் முதுகெலும்பே ஜார்ஜியர். ஜார்ஜியாவை எரித்த படையிலும் ஜார்ஜியர் இருந்தனர். அவர்களில் ஒருவரான தளபதி ஜியார்ஜி சாகாட்ஸே 1625-இல் திடீரென மறுபக்கம் சாய்ந்து, மார்த்கோப்பியில் பாரசீகப் படையைச் சிதறடித்தார். சொந்த மண் என்பதே அற்ற வீரர்களை உருவாக்க முடியும் என்ற கணக்கு அங்கே பிழைத்தது.

வெற்றிகள் தொடர்ந்தன. அல்லாவெர்தி கானின் மகன் இமாம் குலி கான், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுடன் கூட்டுச் சேர்ந்து 1622-இல் ஹோர்முஸ் தீவைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தார். சொந்தக் கடற்படை இல்லாத குறையை, பட்டு வாங்க வந்தவர்களின் கப்பலைக் கொண்டே அப்பாஸ் தீர்த்துக்கொண்டார். எதிர்க்கரையில் இருந்த துறை பந்தர் அப்பாஸ் என்று இன்றளவும் அவர் பெயரைச் சுமக்கிறது. அதே ஆண்டில்தான் கந்தஹாரும் வந்தது. 1624 ஜனவரியில் பாக்தாத் நகரக் கதவு உள்ளிருந்தே திறந்துவிடப்பட, நஜஃபும் கர்பலாவும் அவர் ஆளுகைக்குள் வந்தன. நகரின் சன்னி முஸ்லிம்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர்.

எதிரிகளை வென்ற இம்மனிதரால் ஓர் அச்சத்தை மட்டும் வெல்ல இயலவில்லை. தம்மைச் சிறுவயதில் தலைவர்கள் எப்படிப் பகடைக்காயாக்கினார்களோ, அப்படியே தம் மகன்களையும் ஆக்கிவிடுவார்கள் என்ற அச்சம் அது. சஃபவி இளவரசர்கள் சிறுவயதிலேயே ஒரு காப்பாளருடன் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டு, ஆட்சியும் போரும் பயில்வது வழக்கம். ஹெராத்தில் அவரே அப்படித்தான் வளர்ந்தார். அந்த வழக்கத்தை அப்பாஸ் நிறுத்தினார். இளவரசர்கள் இனி அந்தப்புரத்தின் சுவர்களுக்குள், பெண்டிருக்கும் அலிகளுக்கும் இடையே வளர்ந்தனர்.

அதுவும் போதவில்லை. மூத்த மகன் முகமது பாகிர், சஃபி மிர்சா என்று அழைக்கப்பட்டவர், சதி செய்கிறார் என்ற ஐயம் தந்தைக்கு எழுந்தது. 1615-இன் தொடக்கத்தில் ராஷ்த் நகரில், மன்னரின் ஆணைப்படி பெஹ்பூத் பேக் என்ற குலாம் இளவரசரைக் குத்திக் கொன்றார். ஐயத்துக்கு அடிப்படை இருந்ததாகப் பிற்கால வரலாற்றாசிரியர் பலர் கருதவில்லை. அப்பாஸே பின்னர் ஆழ்ந்த துயரில் வீழ்ந்தார் என்பர். துயரம் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. 1621-இல் இன்னொரு மகனின் கண்கள் குருடாக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து எஞ்சியிருந்த மகனுக்கும் அதே தண்டனை. பார்வையிழந்தவர் அரசாளத் தகுதியற்றவர் என்பது விதி. பார்வை குன்றிய தந்தையின் ஆட்சியில் நேர்ந்த சீரழிவைக் கண்டு வளர்ந்தவர், பெற்ற மகன்களின் பார்வையைப் பறித்தார். மற்ற இரு மகன்கள் நோயால் முன்பே இறந்துவிட்டிருந்தனர்.

1629 ஜனவரியில் மாசந்தரானில் அப்பாஸ் இறந்தபோது, அரியணைக்குத் தகுதியான மகன் ஒருவரும் இல்லை. கொல்லப்பட்ட சஃபி மிர்சாவின் மகன், அந்தப்புரத்தில் வளர்ந்த சாம் மிர்சா, தந்தையின் பெயரையே சூடி ஷா சஃபி என முடிசூடினார். பாட்டனார் கற்றுத் தந்த ஒரே பாடத்தை அவர் பிழையறக் கற்றிருந்தார். 1632-இல், ஹோர்முஸை வென்ற இமாம் குலி கானையும் அவருடைய மகன்களையும் கொல்லச் செய்தார். ஃபார்ஸ் மாகாணம் அரச நிலமானது. 1638-இல் பாக்தாத் உஸ்மானியச் சுல்தான் நான்காம் முராதிடம் போயிற்று. கந்தஹார் அதே ஆண்டு முகலாயரிடம் சென்று, பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் பாரசீகத்திடம் திரும்பியது. 1639-இல் சுஹாப் உடன்படிக்கையில் உஸ்மானியருடன் வகுத்த எல்லை, பல போர்களையும் திருத்தங்களையும் கடந்து, ஈரானுக்கும் துருக்கி, ஈராக் நாடுகளுக்கும் இடையே பெருமளவில் இன்றும் நீடிக்கிறது.

மேற்கு எல்லை அமைதியடைந்தது. படைக்குச் செலவிடுவது குறைந்தது, பீரங்கிகள் துருப்பிடித்தன. அந்தப்புரத்திலிருந்து வந்த மன்னர்கள் போர்க்களம் காணாமலே ஆண்டனர். கந்தஹாரை ஆள அரசு அனுப்பியவர், குர்கின் கான் என்ற ஜார்ஜிய இளவரசர். அவரது கடுமையைப் பொறுக்காத கில்சாய் ஆப்கானியர், மீர் வைஸின் தலைமையில் 1709-இல் அவரைக் கொன்று, நகரைத் தமதாக்கினர். மீர் வைஸின் மகன் மஹ்மூத், அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து இஸ்பஹானை நோக்கி வந்தபோது, வழியில் தடுத்து நிறுத்தும் மாகாணப் படை எதுவும் இருக்கவில்லை. 1722 மார்ச்சில் குல்னாபாதில் அரசப் படை தோற்றது. புதிய ஜுல்ஃபா உடனே பணிந்தது. ஆற்றுக்கு அப்பால் இஸ்பஹான் ஏழு மாதம் பட்டினி கிடந்தது. அக்டோபரில் ஷா சுல்தான் ஹுசைன் நகருக்கு வெளியே எதிரியின் பாசறைக்குச் சென்று, தம் கையாலேயே மஹ்மூதின் தலைப்பாகையில் அரச சின்னத்தைச் சூட்டினார். அப்பாஸ் கந்தஹாரைக் கைப்பற்றி அப்போது சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.